சான்றிதழ் வருமுன் என்ன, வந்தபின் என்ன? சிறப்புக் கல்விச் சொற்களும் சட்டங்களும் புதிய ஆசிரியர்களுக்கு

ஜூன் மாதம் வகுப்பைப் பொறுப்பேற்றதும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே "சி.டபிள்யூ.எஸ்.என்." என்று இருக்கும். சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று பொருள். அதே வகுப்பில் அந்தக் குறி இல்லாமலே திணறும் பிள்ளைகளும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாததால், "சான்றிதழ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஓர் ஆண்டையே கடத்திவிடும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அது திரும்பக் கிடைக்காத ஆண்டு. எதற்குச் சான்றிதழ் வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற வேறுபாடு பிடிபட்டால் மற்றச் சொற்களும் பிரிவு எண்களும் தாமாகவே தத்தம் இடத்தில் அமரும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் ஐ.டி.இ.ஏ., செக்‌ஷன் 504, எல்.ஆர்.இ. என்று நிறைய வரும். அவை அமெரிக்கச் சட்டங்களும் அமெரிக்கச் சொற்களும். கற்பிக்கும் முறைகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். உரிமை பற்றித் தலைமை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ பேசும்போது அவற்றைக் காட்ட முடியாது. நம் கையில் இருப்பவை இந்தியச் சட்டங்கள்.

அடிப்படைச் சட்டம்: 2016

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. இப்போது 21. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலிய பழையவற்றோடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு நோய், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் எனப் பலவும் சேர்ந்தன. வகுப்பாசிரியருக்கு இதில் பெரிய மாற்றம் கற்றல் குறைபாடு சேர்ந்ததுதான். டிஸ்லெக்சியா (வாசிப்பில் சிரமம்), டிஸ்கிராபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்) மூன்றும் அதற்குள் வருகின்றன.

பட்டியலில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறல், மிகை இயக்கக் கோளாறு தனியாக இடம்பெறவில்லை. "மெல்லக் கற்போர்" என்று நாம் சொல்லும், நுண்ணறிவு ஈவு 70-க்குச் சற்று மேலே நிற்கும் பிள்ளைகளும் இல்லை. இவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்று பெற்றோரிடம் உறுதி சொல்லி அலையவிடாதீர்கள். வகுப்பறையில் நீங்களே செய்யக்கூடிய உதவிக்கு அது தடையும் அல்ல.

அறிக்கைகளில் வரும் சில அளவுகள் பாடம் நடத்தவே பயன்படும். சட்டப்படி குறைபார்வை என்பது கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை இருப்பது. 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இந்தப் பிள்ளை 6 மீட்டரில் வந்துதான் படிக்கும். முதல் வரிசையில் உட்கார வைத்தாலும் கரும்பலகையின் சிறு எழுத்து தெரியாமல் போகலாம் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும். பேச்சொலி அலைவரிசைகளில் இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை என்றால் கேட்பதில் குறையுள்ளவர் என்றும் சட்டம் பிரிக்கிறது. ஆட்டிசத்துக்கு இந்தியாவில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. ஒரே பெயருள்ள குறைபாடு என்பதால் ஒரே உதவி போதும் என்று எண்ண முடியாது.

40 சதவீதமும் அதற்கு வெளியே இருப்பவையும்

அலுவலகங்களில் "பெஞ்ச்மார்க் டிசெபிலிட்டி" என்பார்கள். அரசு மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்த குறைபாடு அது. இந்த எல்லைக்குள் வருபவர்களுக்கான சலுகைகள் தனி: 18 வயது வரை பாடநூல், கற்றல் பொருள்கள், உதவி உபகரணங்கள் விலையின்றி, கல்வி உதவித்தொகை, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி, இது பிரிவு 31, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு, இது பிரிவு 32.

பிரிவு 16-ஐப் படித்துப் பாருங்கள். அரசு நடத்தும், நிதி தரும், அங்கீகரிக்கும் பள்ளிகளின் கடமைகளை அது அடுக்குகிறது: பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடம் அணுகும்படி இருக்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்ய வேண்டும், தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும், கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிய வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கவனிக்க வேண்டும். இந்தக் கடமைகளுக்கு 40 சதவீத நிபந்தனையைச் சட்டம் வைக்கவே இல்லை. உச்ச நீதிமன்றமும் விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் இதைத்தான் சொன்னது: நியாயமான வசதி என்பது 40 சதவீதக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. அந்த வழக்கு, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்குச் சொல்வதை எழுதுபவரைத் தருவது பற்றியது.

ஆகவே ஒரு பிள்ளையை முன்னே உட்கார வைப்பது, கேள்வியை வாசித்துக் காட்டுவது, வீட்டுப்பாடத்தைப் பாதியாக்குவது, வாய்மொழியாக விடை கேட்பது, வகுப்புத் தேர்வில் நேரம் கூட்டுவது ஆகிய எதற்கும் நீங்கள் சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பொதுத்தேர்வுச் சலுகை, உதவித்தொகை, பேருந்துச் சலுகை, உபகரணம் ஆகியவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் பேசும்போது வரும் இன்னொரு குழப்பம், வசதி செய்வதற்கும் பாடத்தையே குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு. அதே பாடம், அதே எதிர்பார்ப்பு, வழி மட்டும் வேறு என்றால் அது வசதி: பெரிய எழுத்தில் வினாத்தாள், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கைத் தருவது பாட மாற்றம். கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்குப் பாட மாற்றத்தை அவசரப்பட்டுத் தொடங்கினால், புரியும் திறன் இருந்தும் அந்தப் பிள்ளை வகுப்பிலிருந்து பின்தங்கிக்கொண்டே போகும். முதலில் வசதிகளை ஒரு பருவம் முழுக்க ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

கட்டாயக் கல்விச் சட்டத்தில் உங்களுக்கு வேண்டியவை

2009-இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை. சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வோ நேர்காணலோ வைக்கக்கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக்கூடாது. பள்ளிக்கே வராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2012 திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை வெளிப்படையாக உள்ளே கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கான பிரிவிலும் அவர்கள் சேர்ந்தார்கள்.

வீட்டுவழிக் கல்வியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. பல்வகைக் குறைபாடோ தீவிரக் குறைபாடோ உள்ள குழந்தை அதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரியது, பள்ளிக்கு அன்று. "சமாளிக்க முடியவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளி சொன்னால் அது சேர்க்கை மறுப்பின் இன்னொரு வடிவம். வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளையின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். பள்ளி விழாக்களுக்கும் வர வேண்டும்.

கவனித்தது முதல் சான்றிதழ் வரை

நோய்ப்பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலை இல்லை. பார்த்ததை எழுதுவதுதான் வேலை. "கவனமில்லை, சோம்பேறி" என்று எழுதினால் மருத்துவக் குழுவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "நான்காம் வகுப்பு. மூன்றெழுத்துச் சொற்கள் 10 கொடுத்தால் 4 வாசிக்கிறாள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறுகின்றன. ண, ன, ந மூன்றும் எழுதும்போது குழம்புகின்றன. கதையை வாசித்துக் காட்டினால் கேள்விகள் ஐந்துக்கும் சரியாக விடை சொல்கிறாள்." கேட்டுப் புரிவதற்கும் வாசிப்பதற்கும் இடையிலான இடைவெளி இந்த நான்கு வரியில் தெரிந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம், வாரம் ஒரு முறை, தேதியோடு எழுதிப் பிள்ளையின் நோட்டுப் பக்கங்களின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

வேறு எதையும் தொடங்குமுன் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளையையும் கண்ணாடி தேவைப்படும் பிள்ளையையும் கற்றல் குறைபாடு என்று அனுப்பிவிடுவது எளிதில் நேர்ந்துவிடுகிறது. அடுத்து வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பெயரைக் கொடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆரம்பநிலைக் கண்டறிதலுக்கு "நலம் நாடி" செயலி இருக்கிறது. அதில் பதிவதோடு உங்கள் எழுத்துக் குறிப்பையும் கொடுங்கள், செயலியின் ஆம்-இல்லை விடைகளால் மட்டும் ஒரு பிள்ளை முழுதாகத் தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மருத்துவ முகாம், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், அரசு மருத்துவமனை ஆகியவை அடுத்த படிகள்.

யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று தேவை. இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் எழுத்துகள் வேறாக இருந்தால் தேர்வுச் சலுகை விண்ணப்பம் வரை அது துரத்தும். முதலிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்தது உளவியல் அறிக்கை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1992-இன்படி, கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயருள்ளவர்களே மறுவாழ்வு வல்லுநராகப் பணி செய்யலாம். மீறினால் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. பதிவு எண் இல்லாத மையத்துக்குப் பணம் கட்டி வாங்கிய அறிக்கையை மருத்துவக் குழு ஏற்காமல் போகும்போது பெற்றோர் இரண்டு முறை செலவழிக்கிறார்கள். கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கு வயது முக்கியம். மத்திய அரசின் 2018 மதிப்பீட்டு வழிகாட்டுதல் மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில் ஆசிரியரே முதற்கட்டக் கண்டறிதலைச் செய்ய வேண்டும் என்றது. முதல் சான்று 8 வயதில், மறுபடி 14-இல், கடைசியாக 18-இல். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போகும் பிள்ளை அந்த 14 வயதுப் புதுப்பித்தலைத் தாண்டித்தான் வர வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்போதே சான்றின் தேதியைப் பாருங்கள். சான்று மறுக்கப்பட்டாலோ சதவீதம் குறைவாக இருப்பதாகத் தோன்றினாலோ 2016 சட்டத்தின் பிரிவு 59-இன்படி மேல்முறையீடு செய்யலாம் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு இது தெரியாது.

தனிநபர் கல்வித் திட்டம்

ஒரு பிள்ளைக்கென எழுதும் இந்தத் திட்டத்துக்கு நம் சட்டத்தில் "ஐ.இ.பி." என்ற பெயரில் தனிப் படிவம் எதுவும் விதிக்கப்படவில்லை. 2016 சட்டத்தின் பிரிவு 16 சொல்லும் தனிப்பட்ட ஆதரவை நடைமுறைப்படுத்தும் கருவி இது. இரண்டு பக்கம் போதும். இருபது பக்கம் எழுதினால் யாரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள்.

தற்போதைய நிலையை மேலே காட்டியபடி எண்ணோடு எழுதுங்கள். பிறகு இலக்கு. "வாசிப்பை மேம்படுத்துதல்" இலக்கு அல்ல. "ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வரும் 20 சொற்களை அட்டையில் காட்டினால், உதவியின்றி 16-ஐச் சரியாக வாசிப்பாள், அடுத்தடுத்து மூன்று நாள், அரையாண்டுத் தேர்வுக்கு முன்" என்பது இலக்கு. எந்தச் சூழலில், என்ன செய்வாள், எவ்வளவு, எப்போதுக்குள் என நான்கும் அதில் இருக்கின்றன. ஒரு பருவத்துக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று அன்றாட வாழ்வுக்கானதாக இருக்கட்டும்: கழிவறைக்குப் போக வேண்டும் என்று சைகையால் கேட்பது, சத்துணவுத் தட்டைத் தானே கழுவுவது போன்றது. யார், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் என்பதையும் எழுதாவிட்டால் திட்டம் தாளோடு நின்றுவிடும். தினம் 15 நிமிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிட மேல்.

பெற்றோர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கட்டும்; வேலைக்குப் போய்வரும் தாயிடம் ஐந்து பயிற்சி கொடுத்தால் ஒன்றும் நடக்காது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை எண்களைப் பாருங்கள். எண் நகரவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லுமுன் இலக்கின் அளவைக் குறையுங்கள், அல்லது முறையை மாற்றுங்கள்.

சிறப்பாசிரியர் போதவில்லை என்பது உண்மை. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விகிதத்தை வகுக்கச் சொன்னது; அதன்படி மத்திய அரசு 2022 செப்டம்பரில் தொடக்கநிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், உயர் தொடக்கநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று அறிவித்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் உங்கள் பள்ளியின் எண்ணிக்கையை இந்த விகிதத்தோடு சேர்த்து எழுதிக் கேட்கலாம். அவர் வாரம் ஒருமுறைதான் வருகிறார் என்றால், மற்ற நாள்களில் திட்டத்தை நடத்துபவர் வகுப்பாசிரியரே.

பொதுத்தேர்வுச் சலுகை

தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றை 2016 சட்டத்தின் பிரிவு 17 பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுசெய் நேரம் என்றது. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். தமிழ்நாட்டுப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளிலும் தகுதியுள்ளோருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கிறது. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தும் எழுத முடியாதவர்களுக்கு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வந்தது. பள்ளிப் பொதுத்தேர்வுக்கு மாநிலத் தேர்வுத் துறையின் அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையே இறுதி. தலைமை ஆசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு, குறித்த நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பள்ளியில் விண்ணப்பம் பலமுறை நின்றுபோவது இந்த நாளைத் தவறவிட்டுத்தான்.

சொல்வதை எழுதுபவரைத் தேர்வு நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளை பாதி மதிப்பெண்ணை இழக்கும். விடையைச் சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. "அடுத்த வரி", "அடிக்கோடு", "இரண்டின் அடுக்கு மூன்று" என்று சொல்லப் பழக வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையே இந்த முறையில் நடத்துங்கள். கூடுதல் நேரத்தையும் அப்படித்தான் பழக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் எழுந்து போகும்போது இந்தப் பிள்ளையும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடும்.

மொழி விலக்கைத் தானாகவே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை பிறகு சேர விரும்பும் படிப்பு அந்த மொழியைக் கேட்குமா என்று பெற்றோரோடு உட்கார்ந்து பாருங்கள். காது கேளாத பிள்ளைக்கு அது பெரிய விடுதலையாக இருக்கலாம். லேசான கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரமே போதுமானதாக இருக்கலாம்.

பாதுகாப்பு

மாற்றுத்திறனாளியைப் பிறர் பார்க்க வேண்டுமென்றே அவமதிப்பது 2016 சட்டத்தின் பிரிவு 92-இன்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆசிரியர் அறையிலும் மைதானத்திலும் பழகிப்போன பட்டப்பெயர்கள் இதற்குள் வரும். கண்டிக்கத் தயங்காதீர்கள்.

பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தாலே போக்சோ சட்டம் 2012-இன் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிக்குள் விசாரித்து முடித்துவிடுவதற்கு அனுமதி இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்த குற்றத்துக்குத் தண்டனை கூடுதல். பேச முடியாத குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெறச் சட்டமே வழி செய்கிறது. அதனால்தான் உடலுறுப்புகளின் பெயர்களும் "வேண்டாம்" என்பதற்கான சைகையும் படமும் ஒவ்வொரு பிள்ளையின் முதல் ஆண்டு இலக்கிலேயே இருக்க வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளையிடம் எதுவும் நடக்கவில்லை என்று நாம் எண்ணிக்கொள்ளக்கூடாது.

18 வயதை நெருங்கும்போது

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 இருக்கிறது. 18 வயதாகிவிட்டால் பெற்றோரும் சட்டப்படித் தாமாகவே காப்பாளர் அல்லர். வங்கிக் கணக்கு, சொத்து, மருத்துவ ஒப்புதல் என்று வரும்போதுதான் குடும்பத்துக்கு இது தெரியவரும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்நிலைக் குழு காப்பாளரை நியமிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இது தேவைப்படாது. தானே முடிவெடுக்க முடிந்தவருக்குக் காப்பாளர் வைப்பது அவருடைய உரிமையைப் பறிப்பதாகும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒருமுறை அனுப்பி இதைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அப்போதே அடையாள அட்டை நிரந்தரமானதா, காலவரம்பு உள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். காலாவதியான அட்டையோடு கல்லூரிக் கலந்தாய்வுக்குப் போனால் 5 சதவீத இடத்தைக் கேட்க முடியாமல் போகலாம்.